எலி குடியிருந்த சிந்தசைசர்

கராக்கோலில் டாக்சி ஓட்டும் எமில், தலைநகர் பிஷ்கெக் சவாரியிலிருந்து திரும்பும்போது டிக்கியில் ஒரு சிந்தசைசரை, கட்டைகளை அழுத்தி வாசிக்கும் மின் இசைக்கருவியை, கொண்டுவந்தான். இழுத்து மூடிய ஏதோவொரு கலை மன்றத்தின் சரக்கறையைக் காலி செய்தவர்கள், போகிற வழியில் குப்பையில் போட்டுவிடச் சொல்லி அவன் தலையில் கட்டியிருந்தார்கள். சோவியத் காலத்துச் சாமான், கிடா கனம் கனத்தது.

"கீழ கொட்டகையில போட்டுடட்டுமா?" என்று கேட்டான்.

"சாப்பாட்டு மேஜையில வை" என்றாள் அவன் மனைவி சோல்பான்.

"அப்ப எங்க சாப்பிடறது?"

"மடியில வெச்சு."

சோல்பான் முடி திருத்தும் கடை வைத்திருப்பவள். கத்தரிக்கோலும் சீப்பும் பிடித்த கை, ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் கோலைத் தொட்டதில்லை. பழுதான சிந்தசைசரைத் தானே சரிசெய்ய நினைத்து, சந்தையில் ஒன்று வாங்கிவந்து, செத்துப்போன ரேடியோ ஒன்றில் ஈயம் வைத்துப் பழகினாள். ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடியது. கட்டைவிரல் கொப்புளித்தது. கடைக்கு வந்தவர்கள் கேட்டபோது, ரொட்டி சுட்டேன் என்று சொல்லிவைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிந்தசைசரின் மூடியைக் கழற்றினாள். கட்டைகளுக்கு அடியில் எலி கூடு கட்டியிருந்தது. கம்பளி நூல், வைக்கோல், ஒரு கைப்பிடி சூரியகாந்தி விதைத் தோல்.

"நல்லா வாழ்ந்திருக்கு. நம்மள விட வசதியா" என்றான் எமில்.

சீப்பு கழுவும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் தொட்டு உள்ளே துடைத்தாள். மின்சாரம் நுழையும் பகுதியில் பழைய கெபாசிட்டர்கள் உப்பிக் கிடந்தன. இணையத்தில் ஒருவர் செய்து காட்டியதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்தாள். அதற்கே ஒரு வாரம் ஆனது. பிறகு சுவிட்சைப் போட்டாள்.

டமார் என்று வெடித்தது. வெள்ளைப் புகை கூரைக்கு எழுந்தது, வீட்டில் மின்சாரம் போயிற்று. பக்கத்து வீட்டு ரைசா அக்கா சுவரைத் தட்டினாள்.

"என்னடி, டீ போடற சமோவார் வெடிச்சிடுச்சா?"

எமில் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினான். முகம் வெளுத்திருந்தது.

"வீட்டக் கொளுத்திட்டு எங்க போய்க் குடியிருக்கறது? உனக்கு எதுக்கு இந்த வேலை? யாரு கேட்டா?"

சோல்பான் மேஜையில் படிந்த கரியைத் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

"சின்ன வயசுல எங்க வீட்ல பியானோ இருந்துச்சு" என்றாள் பிறகு. "நாலு வருஷம் இசைப்பள்ளிக்குப் போனேன். சோவியத் உடைஞ்ச அந்தக் குளிர்காலத்துல அப்பா அதக் கொடுத்துட்டு மாவு மூட்டை வாங்கிட்டு வந்தார். நான்தான் கதவத் தொறந்துவிட்டேன், அத வெளிய எடுக்க."

எமில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"மாவு தீந்துபோச்சு. அப்புறம் யாரும் அதப் பத்திப் பேசல."

மறுநாள் காலை அவன் சவாரிக்குக் கிளம்பிப் போன பிறகு பார்த்தாள். மேஜைக் காலோடு சாய்த்து, டாக்சியில் இருக்கும் தீயணைப்பான் நின்றது. போன் போட்டாள்.

"வழியில போலீஸ் நிறுத்தி, வண்டில தீயணைப்பான் எங்கன்னு கேட்டா?"

"வண்டில தீ இல்லைங்க, வீட்லதான் இருக்குன்னு சொல்லிக்கறேன்."

அவள் சிரித்துவிட்டாள். தேநீர் குடித்துவிட்டு மூடியைத் திரும்பக் கழற்றினாள். தப்பு உடனே தெரிந்தது. ஒரு கெபாசிட்டரை ப்ளஸ் மைனஸ் மாற்றி வைத்திருந்தாள். வெடித்ததை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் சரியாக வைத்தாள். மற்றவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.

எமில் வரும்வரை காத்திருந்து, தள்ளி நின்று, துடைப்பக் குச்சியால் சுவிட்சை அழுத்தினாள். அவன் தீயணைப்பானைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

ஒரு கட்டையை அழுத்தியதும் ஓநாய் ஊளையிடுவது போல ஒரு சத்தம் வந்தது. கீழே நாய் குரைத்தது. அடுத்த கட்டை சுருதியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. சோல்பானுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது: பழைய சாமான், சூடேற வேண்டும். இருவரும் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு, மடியில் தட்டோடு காத்திருந்தார்கள். சத்தம் மெல்ல ஓரிடத்தில் நின்றது. சின்ன ஸ்க்ரூ டிரைவரால் திருகித் திருகிச் சுருதி சேர்த்தாள். நடுவில் ஒரு கட்டை மட்டும் ஒலிக்கவே இல்லை. அதன் அடியில் செம்பு இழை எலி மூத்திரத்தில் அரித்துப் போயிருந்தது.

"அதை அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வாசித்தாள். விரல்கள் தடுமாறின, ஆனாலும் வழி தெரிந்துதான் இருந்தது.

"இது என்ன பாட்டு?"

"பாட்டெல்லாம் இல்ல. விரல் பயிற்சி. சின்னப் பிள்ளைங்க வாசிக்கறது."

"நல்லாத்தான் இருக்கு. இன்னொரு தடவை வாசி."

திரும்ப வாசித்தாள். ஊமைக் கட்டை வந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. மூன்றாம் முறை அந்த இடம் வந்ததும் எமில் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தச் சுரத்துக்குப் பதிலாக "ம்ம்" என்று இழுத்தான். சுருதி சேரவில்லை. சோல்பான் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனாள்.