முதலைக் கொடியும் லண்டன் சீட்டும்

பெட்டி ஒன்று. அதற்குள் கொடி இரண்டு. எடுத்து உரியவர் கையில் கொடுக்க எவ்வளவு நேரமாகும்? கொபினா எஜிருக்கு நாலு மாதமாகியும் முடியவில்லை.

அங்க்வாடாவில் மாவட்டக் கமிஷனரின் தலைமைக் குமாஸ்தா அவன். மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட் கடற்கரையில், ஃபாந்தி இனத்தாரின் மற்ற ஊர்களைப் போலவே இங்கேயும் ஆண்பிள்ளை என்றால் அப்பன் இருந்த படைக்குழுவில்தான் சேர வேண்டும். முதல் குழுவின் கொடியில் முதலை. இரண்டாம் குழுவின் கொடியில் சேவல். ஒருவர் சின்னத்தை மற்றவர் தூக்கினால் மண்டை உடையும். கொபினாவின் சித்தப்பா அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்.

குடியேற்ற நாடுகளின் சரக்கையெல்லாம் அடுக்கி வேடிக்கை காட்டும் லண்டன் கண்காட்சிக் கூடம் ஒன்று, அந்தக் கொடிகளை ஒரு வருஷத்துக்கு இரவல் கேட்டது. "நம்ம கொபினா இருக்கான்ல, அவன் பாத்துப்பான்" என்று அண்ணன் கோஜோ சொன்னதால்தான் முதல் குழு கொடுத்தது. பத்திரமாகத் திரும்ப வரும் என்று கொபினா குழுவின் முன்னால் சத்தியம் வேறு செய்து தொலைத்திருந்தான்.

வரத்தான் வந்தது. ஆனால் கூடத்தார் ஒவ்வொரு கொடியின் மூலையிலும் ஒரு துணிச்சீட்டைத் தைத்து அனுப்பியிருந்தார்கள். முதலைக் கொடியில் 'இரண்டாம் குழு'. சேவல் கொடியில் 'முதல் குழு'. சீட்டை விட்டுவிட்டுச் சின்னத்தைப் பார்த்துக் கொடுத்தால் தீர்ந்தது காரியம். கமிஷனர் ஹார்விங்டன் துரை ஒத்துக்கொண்டால்தானே!

"சீட்டுல என்ன இருக்கோ அப்படித்தான் குடுக்கணும், எஜிர். ரசீது லண்டன் பட்டியலோட ஒத்துப்போகணும்ல?"

"தொரை, ஒரு தடவை பெட்டியத் தெறந்து பாருங்க. முதலை யாரோடதுன்னு இந்த ஊர்ல பால்குடி மறக்காத புள்ளைக்கும் தெரியும்."

"முதலையையும் சேவலையும் பாக்கறதுக்கா என்னை அனுப்பியிருக்காங்க? லண்டனுக்கு எழுது."

எழுதினான். கடிதம் தவறான பிரிவுக்கு வந்துவிட்டது, மூன்று நகல்கள் தேவை என்று பதில் வந்தது. மூன்று நகல்கள் கப்பலேறின. துரை ஒரு நாளாவது அந்தப் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்திருப்பாரா? மாட்டார்.

இதற்கிடையில் கோஜோ முதல் குழுவின் தலைவனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தான். புதுத் தலைவன் குழுவின் கொடியைப் பிடித்து ஆடாமல் பதவி செல்லாது. கொடி பூட்டிக் கிடந்ததால் பதவியேற்பு இரண்டு முறை தள்ளிப்போனது. இந்தச் சனிக்கிழமையும் தவறினால் பதவி வேறு வீட்டுக்குப் போய்விடும்.

"டேய், நீ கோட்டுப் போட்ட குமாஸ்தாவா, இல்ல கோட்டு மாட்டுற ஆணியா?" என்று கோஜோ அலுவலக வாசலுக்கே வந்து கத்தினான். "சனிக்கிழமை நான் எதைப் பிடிச்சு ஆடுறது? உன் கால்சட்டையையா?"

"எழுதியிருக்கேண்ணே."

"எழுதி எழுதியே அப்பா பேரைக் கரைச்சிட்டடா."

வியாழக்கிழமை லண்டன் கடிதம் வந்தது. கண்காட்சிப் புத்தகம் மூவாயிரம் பிரதிகள் அச்சாகிவிட்டதாம், இனித் திருத்த இயலாதாம், சீட்டுகளின்படியே வழங்கிவிட வேண்டுமாம்.

"தெளிவா சொல்லிட்டாங்க பாத்தியா? நாளைக்கு மூணு மணிக்கு ரெண்டு குழுவையும் வரச்சொல்லு" என்றார் துரை.

கொபினா கடிதத்தை இன்னொரு முறை படித்தான். அட பாவிகளா, அச்சடித்த புத்தகம் பிழையாகிவிடக் கூடாது என்று ஒரு ஊரே வெட்டிக்கொண்டு சாக வேண்டுமா?

வெள்ளிக்கிழமை மதியம் துரை சாப்பிட்டுவிட்டுக் குட்டித் தூக்கம் போடப் போனார். கொபினா தன் மதியச் சாப்பாடான கென்கே என்னும் சோளமாவு உருண்டையையும் பொரித்த மீனையும் தொடவில்லை. கதவைத் தாழிட்டுப் பெட்டியைத் திறந்தான். பேனாக்கத்தியால் இரண்டு சீட்டுகளையும் பிரித்தான். கோப்பு தைக்கும் தடித்த ஊசியும் சிவப்பு நூலும்தான் அலுவலகத்தில் இருந்தன. அதைக்கொண்டே சீட்டுகளை மாற்றித் தைத்தான். பதினொரு வருஷ வேலையில் அவன் செய்த முதல் திருட்டுத்தனம். விரலில் நாலு இடத்தில் ஊசி ஏறியது. ஒவ்வொரு குத்துக்கும் லண்டனை ஒரு முறை திட்டினான்.

மூன்று மணிக்குத் துரை கொடியின் மூலையை மட்டும் தூக்கிச் சீட்டைப் படித்தார்.

"லண்டன்காரன் தையலைப் பாரு, எஜிர். எவ்வளவு உறுதி!"

முதலை முதல் குழுவுக்குப் போனது, சேவல் இரண்டாம் குழுவுக்கு. ஒரு சத்தம் இல்லை. எல்லோரும் கைநாட்டு வைத்துவிட்டுச் சிரித்தபடி கிளம்பினார்கள்.

"சண்டை வரும், ரத்தம் வரும்னு நாலு மாசமா பயமுறுத்தினியே, வந்துச்சா?" என்றார் துரை. "லண்டன்காரங்க சீட்டு ஆரம்பத்துலேருந்தே சரி. நீதான் கொழப்பியிருக்க. மன்னிப்புக் கேட்டு அவங்களுக்கு ஒரு கடிதம் எழுது. நாளைக்குக் காலையில தபால் மூட்டை கட்டறதுக்குள்ள என் மேசைக்கு வரணும்."

கொபினா காலிப் பெட்டியின் மூடியைச் சாத்தினான். உண்மையைச் சொன்னால் கொடி நாளைக்கே பெட்டிக்குத் திரும்பிவிடும். "எழுதிடறேன் தொரை" என்றான்.

சனிக்கிழமை காலை முரசுகள் அலுவலகத் தெருவுக்குள் திரும்பின. முதலைக் கொடியைச் சுழற்றிக்கொண்டு கோஜோ ஆடி வந்தான்.

"கொபினா! வெளிய வாடா! அண்ணன் ஆடுறதைப் பாருடா!"

துரை ஜன்னலைச் சாத்தச் சொன்னார். கொபினா எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்து, 'என் தவறுக்கு வருந்துகிறேன்' என்று எழுதி நீட்டினான்.

துரை படித்துப் பார்த்தார்.

"மிகவும் வருந்துகிறேன்னு போடு."

ஊசி குத்தி வீங்கிய விரலால் பேனாவைப் பிடித்து, 'மிகவும்' என்று சேர்த்தான் கொபினா.