மழை பெய்யலைன்னா மலைக்கு

மலைக்குப் போவதென்று பேச்சு எடுத்த அன்றே பாண்டீஸ்வரன் ஒரு நிபந்தனை போட்டுவிட்டார். "ஞாயித்துக்கெழமைக்குள்ள மழ பெய்யலைன்னா போவம். பெஞ்சிருச்சுன்னா காட்டுல வெதப்பு. அம்புட்டுத்தான்."

அவர் மனைவி முருகலட்சுமி சந்தோஷமாகத் தலையை ஆட்டினாள். ஆட்டிய பிறகுதான் மாட்டிக்கொண்டது புரிந்தது. திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காட்டில், அதுவும் புரட்டாசி மாதத்தில், மழை வேண்டாம் என்று வாய் திறந்து சொல்ல முடியுமா? மனதில் நினைத்தாலே பாவம். மருமகளாக வந்த இருபத்திரண்டு வருடத்தில் அப்படி நினைத்த பொம்பளையை அவள் பார்த்ததில்லை. இப்போது தானே அந்தப் பொம்பளையாகிவிட்டாள்.

ஆசையும் சின்ன ஆசை இல்லை. களை எடுக்கும்போது நிமிர்ந்தால், வானம் தெளிந்த நாட்களில் மேற்கே மேகமா மலையா என்று சொல்ல முடியாத ஒரு கோடு தெரியும். சதுரகிரிதான் அது என்பவர்களும் உண்டு, கிடையவே கிடையாது என்று அடித்துப் பேசுகிறவர்களும் உண்டு. ஏறிப் பார்த்துவிட்டு வருவோம் என்றால் வருடா வருடம் வீட்டுக்காரருக்கு ஒரு வேலை வந்துவிடும். களை, உரம், அறுப்பு. ஒன்றும் இல்லாவிட்டால் ஆட்டுக்குக் காய்ச்சல். இந்தத் தடவை மதுரையில் நர்ஸாக இருக்கும் மகள் சுகப்பிரியாவுக்கு ஞாயிறு ஒரு நாள் லீவு. கொழுந்தன் காளிராஜின் லோடு வண்டியும் சும்மா நிற்கிறது. இதை விட்டால் எப்போது?

திட்டம் போட ஆரம்பித்ததும் வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை.

"மதினி, அடிவாரத்துல ஆறு மணிக்குப் பாரஸ்ட்டுக் கேட்டத் தொறப்பாக, மழன்னா தொறக்க மாட்டாக. நாம ரெண்டு மணிக்கே கெளம்பிறணும்," என்றான் காளிராஜ்.

"கேட்டத் தொறந்துவிடப் போறதே நாமதானா சித்தப்பா? நாலு மணிக்குப் போதும்," என்று போனிலிருந்து சுகப்பிரியா கத்தினாள்.

நாலு பேருக்கு இரண்டு படி அரிசியில் புளியோதரை என்று முடிவானது. மலையில் தண்ணீர் இருக்குமோ இருக்காதோ என்று இருபது லிட்டர் கேன் ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள் முருகலட்சுமி. அதை யார் சுமப்பது என்ற பஞ்சாயத்து இரண்டு நாள் ஓடியது. ஏறிப் பழக வேண்டுமே என்று அவள் மேட்டைத் தேடினாள். தட்டு மாதிரிக் கிடக்கும் ஊரில் மேட்டுக்கு எங்கே போக? கண்மாய்க் கரையில் காலையில் ஏழு தடவை ஏறி ஏழு தடவை இறங்கினாள்.

"என்ன முருகலச்சுமி, எதையாச்சும் தொலச்சிட்டியா?" என்று கேட்டாள் ஆடு பத்திக்கொண்டு வந்த சங்கரம்மாள்.

"ஆமக்கா, ஒரு ஊக்கு," என்று சொல்லிவிட்டு எட்டாவது தடவையும் ஏறினாள்.

வெள்ளிக்கிழமை வானம் கறுத்தது. ஊரே பூரித்துப் போனது. அவள் மட்டும் வானத்தைப் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள். விளக்கேற்றிக் கும்பிட்டாள். "தாயே, மழ பெய்யட்டும். நல்லாப் பெய்யட்டும். திங்கக்கெழம பெய்யட்டும்."

தாய் கேட்கவில்லை. சனிக்கிழமை நாலு மணிக்கு, சுகப்பிரியா பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டு வாசலுக்கு வரவும் மழை பிடித்துக்கொண்டது. முதல் சொட்டில் முருகலட்சுமிக்கு அழுகை முட்டியது. பத்தாவது சொட்டில் சிரிப்பு வந்துவிட்டது. மழையைப் பார்த்துக் கோபப்பட அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவும் மகளும் முற்றத்தில் நின்று தொப்பலாக நனைந்தார்கள். காளிராஜ் வண்டிக்குள் உட்கார்ந்து காரணமே இல்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். ஒன்றரை மணி நேரம் விடாமல் கொட்டித் தீர்த்தது.

மழை விட்டதும் பாண்டீஸ்வரன் விதைக்க வேண்டிய காட்டைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தவரின் ஒவ்வொரு காலிலும் ஒரு மரக்கால் களிமண் அப்பியிருந்தது. நடக்க முடியாமல் நடந்து வந்தார்.

"காலு வைக்க முடியல. முழங்கால் வரைக்கும் புதையுது," என்றார். "டிராக்டரு எறங்குனா அங்கயே நிக்க வேண்டியதுதான். செவ்வாக்கெழம வரைக்கும் காட்டுக்குள்ள ஒருத்தரும் போக முடியாது."

நாலு தூற்றல் போட்டிருந்தால் விடிந்ததும் விதைக்கலாம். இப்படிக் கொட்டினால் கரிசல் மண் ஆளை உள்ளே விடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயம், நிபந்தனை போட்ட, உழுது பிழைக்கும் சம்சாரிக்கும் தோன்றவில்லை, தலையாட்டியவளுக்கும் தோன்றவில்லை. மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள்.

"என்ன, எல்லாரும் என்னயவே பாக்குறீக?"

"அப்ப நாளைக்கு உங்களுக்கு என்ன வேல?" என்று கேட்டாள் முருகலட்சுமி.

அவர் யோசித்தார். விதை வீட்டில் இருந்தது. உரமும் இறக்கியாயிற்று. கடைசி நம்பிக்கையாக ஆட்டைத் திரும்பிப் பார்த்தார். அது திடகாத்திரமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் காளிராஜ் அடிவாரத்து டீக்கடைக்குப் போன் போட்டுவிட்டான்.

"அண்ணே, அங்க பொட்டுத் தூத்தல் இல்லியாம். நாளைக்குக் கேட்டத் தொறப்பாகளாம்!"

பாண்டீஸ்வரன் படியில் உட்கார்ந்து, குச்சியால் காலில் இருந்த மண்ணைச் சுரண்டினார். சுரண்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "எனக்கு உசரம்னா ஆகாது லச்சுமி. வாட்டர் டேங்க்குல ஏறுனா பாதியிலயே தல சுத்தி எறங்கிருவேன்."

இருபத்திரண்டு வருடக் களையும் உரமும் ஆட்டுக் காய்ச்சலும் ஒரே வார்த்தையில் அம்பலமாகிவிட்டன. நியாயமாகப் பார்த்தால் முருகலட்சுமிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்த மனுஷன் மேல் இத்தனை பிரியம் தனக்கு இருப்பது அன்றுதான் அவளுக்கே தெரிந்தது.

"அம்புட்டுத்தானா? நான் முன்னால போறேன். நீங்க கீழ பாக்காம என் முதுகையே பாத்துக்கிட்டு வாங்க."

மகளும் தம்பியும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற கூச்சம்கூட அவருக்கு இல்லை.

"வாரேன். ஆனா, எறங்குற வரைக்கும் என் கைய விட்றக் கூடாது," என்றார்.