நாற்பது கதவு தட்டிய இன்ஜின்

பள்ளி வேனின் இன்ஜின் மேட்டில் தட்டியபோதெல்லாம், மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த தெருவின் நாற்பது வீட்டுக் கதவுகளும் தட்டப்பட்டன. காலை ஏழு நாற்பதுக்கு, விரல் முட்டியால் தட்டுவதுபோல ஒரே ஒரு தட்டு. திறந்தால் வாசலில் ஆளில்லை. பிள்ளைகளின் வேலைதான் என்று முடிவுகட்டிய தெரு, விசாரிக்காமலே அவர்களைத் திட்டித் தீர்த்தது. கடைசி வீட்டிலிருந்த ஓய்வுபெற்ற ரயில்வே கிளார்க் மட்டும், கையும் களவுமாகப் பிடிக்க நினைத்து, தட்டிய நேரத்தைத் தினமும் ஒரு நோட்டில் குறித்துவந்தார். அந்த நேரத்தில் தெருவின் பதினான்கு பிள்ளைகளும் வேனுக்குள் இருக்கிறார்கள் என்பது ஒன்பதாம் நாள்தான் அவருக்கு உறைத்தது. பத்தாம் நாள் கதவுகள் விடாமல் இடிபட்டு, சட்டென்று அடங்கின. அன்று வேன் மேட்டின் பாதியில் நின்றுபோனது. இன்ஜினைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு பிஸ்டனின் தலையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

பிரித்தவள் தெருமுனைப் பட்டறைக்காரி. தெருவுக்கே அவள் அக்கா. வேன் ஓட்டுபவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. பள்ளிக்கூடம் மேட்டின் உச்சியில் இருந்தது. கிழட்டு வேன் முழுப் பாரத்தோடு ஏறாது; செங்குத்தான இடத்தில் பிள்ளைகள் இறங்கி நடப்பார்கள். "வேன் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகுதா, பிள்ளைங்க வேனைக் கூட்டிட்டுப் போகுதான்னே தெரியல" என்பார் முதல் வீட்டுத் தையற்காரர். மாத முடிவுக்குள் ஒரு பிள்ளைகூட இறங்காமல் வேன் ஏறியாக வேண்டும், இல்லையென்றால் அந்தத் தெருவுக்கு வேன் கிடையாது என்று பள்ளி சொல்லிவிட்டது. நடந்துபோகும் தூரத்தில் வேறு பள்ளி இல்லை. அதனால்தான் அக்கா டர்போ பொருத்தினாள். வீணாகப் போகும் புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி அது. அவள் விட்டதோ சைக்கிள் டயருக்கு அடிப்பதில் பத்தில் ஒரு பங்கு அழுத்தம்தான். கொஞ்சக் காற்றுதானே என்று, தீப்பொறி விழும் நேரத்தைப் பழையபடி பத்து டிகிரியிலேயே விட்டுவிட்டாள். தவறு அங்கேதான் நடந்தது.

மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் உச்சிக்கு வந்து சேருமுன்பே பொறி விழ வேண்டும், ஏனென்றால் நெருப்பு பரவக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். இன்ஜின் அச்சின் சுழற்சியில் எத்தனை டிகிரி முன்பே என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும் கணத்தில் தள்ளினால் அது பறக்கும். நம்மை நோக்கி வரும்போதே தள்ளினால் மணிக்கட்டு முறியும். திணித்த காற்றில் நெருப்பு வேகமாகவும் சூடாகவும் பரவுவதால், நேற்று வரை சரியாக இருந்த நேரம் இன்று அவசரக் குடுக்கையாகிவிடுகிறது. மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனின் தலையில் அழுத்தம் வந்து விழ, மூலையில் எரியாமல் கிடந்த பெட்ரோல்-காற்றுக் கலவை தானாக வெடிக்கிறது. அதைத்தான் மெக்கானிக்குகள் இன்ஜின் தட்டுகிறது என்பார்கள். டர்போவின் சீறலிலும் பிள்ளைகளின் கூச்சலிலும் அந்தச் சத்தம் எந்தக் காதுக்கும் எட்டவில்லை. கதவுகளுக்கு எட்டியது. கிளார்க்கின் நோட்டைப் படித்துவிட்டு அக்கா, "எனக்குக் கேக்காதது உங்களுக்கெல்லாம் கேட்டிருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அலைந்து திரிந்து அதே ரகத்தில் இன்னொரு இன்ஜின் கிடைத்தது. அதற்குமேல் ஒன்று எங்கும் இல்லை. "ஒரு தரம் உன்னை நம்பினேன்க்கா" என்றான் தம்பி. "இதுவும் போச்சுன்னா வேனை நான் ஓட்ட வேணாம், இழுக்கணும்."

உச்சி வெயில் கொளுத்திய ஒரு ஞாயிறன்று, கிடைத்ததிலேயே மட்டமான பெட்ரோலை ஊற்றி, பதினான்கு இருக்கைகளிலும் மணல் மூட்டைகளை ஏற்றினாள். மோசமான நாளில் தாங்குவது எல்லா நாளும் தாங்கும் என்பது அவள் கணக்கு. பசங்களைவிட மூட்டைகள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன என்று தையற்காரர் சான்றிதழ் கொடுத்தார். தெருவில் வீட்டுக்கு ஒருவர் மூடிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். அக்கா தாமதத்திலிருந்து தொடங்கினாள், இரண்டு டிகிரியில். அதிக டிகிரியில் தொடங்கிக் குறைத்துக்கொண்டு வருபவர்கள் பிஸ்டனைக் காவு கொடுத்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். வேன் ஊர்ந்தது, நெருப்பு தாமதமாகி வெளியே போனதால் புகைக்குழாய் சிவந்தது, எந்தக் கதவும் தட்டப்படவில்லை. இறங்கி வந்து, போல்டைத் தளர்த்தி, பொறியைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை திருப்பி, பொறி விழும் கணத்தைக் காட்டும் டைமிங் லைட்டில் குறியைப் பார்த்து, மறுபடி ஏற்றினாள். மூன்று, நான்கு, ஐந்து. எட்டாவது டிகிரியில் வேன் துள்ளி ஏறியதில் தம்பி விசிலடித்தான். அப்போது போன் வந்தது.

"கதவு தட்டுச்சும்மா" என்றார் தையற்காரர். "ஒண்ணே ஒண்ணு. பூனை உரசின மாதிரி."

தெருவில் மேட்டுப் பக்க முனையிலிருந்த அவர் வீட்டைத் தவிர மற்ற முப்பத்தொன்பதும் அமைதியாக இருந்தன. இழுவை இங்கேதான் இருக்கிறது, இப்படியே விட்டுவிடலாம் என்று தம்பி மன்றாடினான். பள்ளி கேட்டுக்குள் இருக்கும் கடைசி ஏற்றம்தான் எல்லாவற்றிலும் செங்குத்து. ஞாயிறு பூட்டியிருந்ததால் அதை மட்டும் ஏறிப் பார்க்க முடியவில்லை.

"ஒரு கதவுதானேக்கா. அவர் என்ன, எழுந்து திறக்கவா போறாரு?"

"அதுதாண்டா எல்லை. எல்லைக் கல்லு மேல யாராவது வீடு கட்டுவாங்களா?"

இதைவிட வெயில் அடிக்கும் நாளுக்கு ஒன்று, இதைவிட மட்டமான பெட்ரோலுக்கு ஒன்று என்று இரண்டு டிகிரி குறைத்து, ஆறில் வைத்து முடுக்கினாள்.

திங்களன்று தெருவில் யாரும் வேலைக்குப் போகவில்லை. நாற்பது கதவுகளையும் சாத்திக்கொண்டு பின்னால் நின்றார்கள். அக்கா பட்டறை ஷட்டரை இறக்கி அதில் காதை வைத்திருந்தாள். ஏழு நாற்பது ஆனது. ஒன்றுமில்லை. ஏழு நாற்பத்தொன்றுக்கு ஆறாம் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. உள்ளே இருந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். இரண்டாவது தட்டு விழுந்தது. "அம்மா, பார்சல்" என்றது ஒரு குரல். இன்ஜின் ஒரு முறை தட்டும், மனிதர் இரண்டு முறை தட்டுவார் என்பதைத் தெரு அன்றுதான் தெரிந்துகொண்டது. அடுத்த நிமிடம் தையற்காரரின் போனில் தம்பி மூச்சுவாங்கப் பேசினான்.

"எல்லாரும் மேல இருக்கோம். ஒருத்தரும் இறங்கல."

நாற்பது கதவுகளும் திறந்தன. அக்கா ஷட்டரைத் தூக்கியபோது தெரு முழுவதும் பட்டறை முன்னால் நின்றது. கிளார்க் தன் நோட்டில் '7.42, ஒன்றுமில்லை' என்று எழுதி இரண்டு கோடு இழுத்தார். அவர் வாழ்நாளில் அடிக்கோடிட்ட ஒரே வரி அது.

அதன்பின் பதினொரு வருடங்களில் எங்கெங்கிருந்தோ டர்போ வண்டிகள் அந்தப் பட்டறைக்கு வந்தன. கதவுக்குப் பின்னால் உட்காருவதைத் தெரு வேலையாக நினைக்கவில்லை, மரியாதையாக நினைத்தது. புதிதாகக் குடிவருகிறவர்களிடம் வீட்டுக்காரர்கள் இப்போதும் மூன்று விஷயங்களைச் சொல்கிறார்கள்: தண்ணீர் ஆறிலிருந்து ஏழு வரை வரும். குப்பை வண்டி செவ்வாய்க்கிழமை. கதவு ஒரே தட்டாகத் தட்டினால் திறக்க வேண்டாம், மணி பார்த்து அக்காவிடம் சொல்லிவிட வேண்டும்.