பதினான்கு விநாடி முனாப்

வாவியில் மூழ்கி மவுத்தாகி இரண்டு மாதம் கழித்து, பாஸ்போட்டும் இல்லாமல், தன் கணவர் முனாப் ஜேர்மனிக்குப் போய் அங்குள்ள சனத்தோடு கதைத்திருக்கிறார் என்று அஸீமா சொன்னபோது, ஏறாவூரில் அதை நம்பியவர் மொத்தம் ஒரே ஒருவர். அதுவும் அஸீமாதான்.

போனது வரைக்கும் ஊர் ஒத்துக்கொண்டது. மட்டக்களப்பு வாவியைக் காட்டி வெளிநாட்டாரை வரவழைக்க, போன வருடம் வெள்ளைக்காரர் சிலர் வந்து ஒரு விளம்பரப் படம் எடுத்தார்கள். அதில் முனாப் தோணியில் நின்று வலை வீசுகிறான். ஜேர்மனியில் நடந்த சுற்றுலாக் கண்காட்சியில் அதைப் பெரிய திரையில் ஓட்டினார்களாம்; முனாபின் மூக்கு மட்டுமே மாட்டுவண்டி அகலம். பிறகு படம் ஊரார் எல்லோருடைய போனுக்கும் வந்து சேர்ந்தது. கதைத்தான் என்பதைத்தான் ஒருவரும் விழுங்கவில்லை. அவன் வரும் பதினான்கு விநாடியும் ஒரே புல்லாங்குழலும் மேளமும். கடைசியில் மட்டும் வாய் அசைகிறது.

"வெத்தில சப்பியிருப்பான் புள்ள," என்றாள் முனாபுக்கு மூத்தவளான ராத்தா ஸஹீதா. "நம்மளோடயே கதைக்காதவன் கமராவோடயா கதைக்கப் போறான்?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முனாப் ஒரு வருடத்தில் பேசியதையெல்லாம் எழுத ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதும். நிக்காஹ் அன்று அவன் வாயிலிருந்து சம்மதத்தை வரவழைப்பதற்குள் பிரியாணி ஆறி, பந்தல்காரன் வந்து கயிறு அவிழ்க்கத் தொடங்கிவிட்டான். மீன் விலையைக் கேட்டாலும் விரலைத்தான் காட்டுவான். அஸீமா போனில் என்ன அனுப்பினாலும் திரும்பி வருவது ஒரு கட்டைவிரல் படம்.

அதனால்தான் அவளிடம் அவனுடைய குரல் இல்லை. காற்று தோணியைக் கவிழ்த்த அன்று அவனுடைய போனும் அவனோடு வாவிக்குள் போனது. படங்கள் இருந்தன. ஆனால் சோறு வடிக்கும்போது அவன் தன்னைக் கூப்பிடுவதை நினைத்துப் பார்த்தால், வாப்பாவின் குரல்தான் காதில் விழுந்தது. இன்னும் கொஞ்ச நாளில் அவன் குரல் முழுதாக அழிந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

படத்தின் முடிவில் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தது. மொழிபெயர்க்கும் செயலியில் தமிழில் எழுதிக் கொடுத்து, வந்ததைத் திரும்பத் தமிழாக்கிப் பார்த்தாள். முனாப் தோணி விற்பதாக வந்தது. சிரிக்கும் ஊரிடம் எழுதித் தரச் சொல்லவும் மனம் வரவில்லை. கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டாத இத்தாக் காலம் வேறு. சரி, தானே படித்துவிடுவது என்று ஆங்கிலம் சொல்லித் தரும் செயலி ஒன்றைப் போனில் ஏற்றினாள்.

அதில் இருந்த பெண்குரல் ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் தடவை 'மீண்டும் முயலுங்கள்' என்றது. முற்றத்துக் கோழிகள் ஆங்கிலத்தில் கொக்கரிக்கத் தொடங்கின. பக்கத்து வீட்டுப் பூனை 'தேங்க்யூ' சொல்லிவிட்டுத்தான் மீன் தலையைத் தூக்கியது. அறுபது பாடங்களையும் முடித்தாள். அந்த அறுபதிலும் மாமா குடை வாங்கினார், ஆப்பிள் சிவப்பாக இருந்தது, கண்டவரெல்லாம் விமான நிலையத்துக்கு வழி கேட்டார்கள். ஒருவரும் மவுத்தாகவில்லை. அந்தச் சொல்லை அவளுக்கு அது சொல்லித் தரவே இல்லை.

ஆகவே தெரிந்ததை வைத்து எழுதினாள். உங்கள் படத்தில் இருப்பவர் என் கணவர். அவர் வீட்டில் இல்லை. அவருடைய சத்தம் எனக்கு வேண்டும்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. எழுதியவள் ஒரு பெண். பாட்டுச் சேர்க்காத துண்டை இணைத்திருக்கிறேன், கண்காட்சியில் உங்கள் கணவரைத்தான் எல்லோருக்கும் பிடித்தது, அவர் வீட்டுக்கு வந்ததும் எங்கள் நன்றியைச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். அஸீமா கடைசி வரியை நாலு தரம் வாசித்தாள். திருத்தி எழுதவில்லை. உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலாவது முனாப் வீடு திரும்பப் போகிறவனாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

தனியே கேட்கத் தைரியம் வரவில்லை. பகல் ஸஹீதா கத்தரிக்காய்ப் பாலாணக் கறியோடு வந்ததும் போனை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"கேளுங்க மதினி. ஒங்கட தம்பி."

புல்லாங்குழல் இல்லை. காற்று, தோணியின் பக்கத்தில் தண்ணீர் மோதும் சத்தம். சனம் ஏன் இங்கு வர வேண்டும் என்று யாரோ தமிழில் கேட்டான். பதிலே வரவில்லை. ஸஹீதா வாயைத் திறந்தாள், நான் சொன்னேனே என்பதற்கு. அப்போது ஒரு செருமல்.

"இஞ்ச வந்தா... நம்மட வீட்ட வரச் சொல்லுங்க. அஸீமா சோறாக்குவா."

பிறகு வலை தண்ணீரில் விழுந்தது.

பெயரின் நடுவில் கொஞ்சம் இழுத்திருந்தான். அப்படித்தான் இழுப்பான். அது எப்படி மறந்தது என்று அஸீமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸஹீதா தானே விரலை வைத்து மறுபடி ஓட்டினாள். மூன்றாம் தரம் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"ஓம் புள்ள," என்றாள் உள்ளிருந்து. "கதைச்சித்தான் இரிக்கான்."