டிப்ஸ் நம்பர் ஏழு

என் வீடு ஒரு டிப்ஸ். நம்பர் ஏழு. "காஞ்சிபுரத்தை ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது எப்படி" என்று வசந்த் என்கிற மெட்ராஸ்காரன் போட்ட வீடியோவில் ஆறாவது டிப்ஸ், குடலை இட்லியைச் சூடாகச் சாப்பிடுங்கள். எட்டாவது, மத்தியானம் கோயில் நடை சாத்தியிருக்கும், வெயிலில் போய் நிற்காதீர்கள். நடுவில் நான். "பெரிய காஞ்சிபுரத்துல பச்சைக் கேட் போட்ட வீடு. சங்கரி அக்கான்னு கூப்பிடுங்க. ஃப்ரீயா தறி காட்டுவாங்க, காபி குடுப்பாங்க. தறிக்குழியில உக்காந்து ஒரு போட்டோ எடுக்காம வந்துடாதீங்க!"

நாசமாய்ப் போக.

தை மாதம் வந்தவன் குடிக்கத் தண்ணீர்தான் கேட்டான். நல்ல பிள்ளையாக இருக்கிறானே என்று காபி போட்டுக் கொடுத்து, "உக்காந்து பாரு தம்பி" என்று தறிக்கு அடியில் கால் விட்டு நெய்கிற குழியில் இறக்கி உட்கார வைத்ததும் நான்தான். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. ஒருத்தன் பாத்ரூம் எங்கே என்று கேட்டான். ஒருத்தி காபியில் சர்க்கரை கம்மி என்றாள். என் வீட்டில், என் டம்ளரில் குடித்துவிட்டு!

சித்திரையில் என் வீட்டுக்காரர் வேலாயுதம் தறியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறு மாசம் தறியில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் உள்ளே படுத்திருந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எங்கள் தெருமுனைப் பச்சையம்மனிடம் கெஞ்சினேன். அவரை வீட்டுக்கு அனுப்பு தாயே, என் கையால் நெய்த புடவையை ஆடி மூணாம் வெள்ளிக்கு உனக்குச் சாத்துகிறேன் என்று. அனுப்பிவிட்டாள்.

வேண்டுதல் புடவைக்கு எங்கள் தெருவில் ஒரே ஒரு கட்டுப்பாடு. புடவை தறியிலிருந்து இறங்குகிற வரைக்கும் வீட்டு ஆள் தவிர வேறு கால் குழியில் இறங்கக் கூடாது. இறங்கினால், நெய்த வரைக்கும் அறுத்துப் போட்டுவிட்டு, தறியில் மிச்சமிருக்கும் பாவு நூலில் முதலிலிருந்து நெய்ய வேண்டும். அவர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதில் விளையாட எனக்குத் தைரியம் கிடையாது.

பாவு ஏற்றிய அன்றே வசந்துக்குப் போன் போட்டேன்.

"தம்பி, என் வீட்ட அதுலேர்ந்து எடுத்துடுப்பா. சாமிக்கு நெய்யறேன், யாரும் வரக் கூடாது."

"அக்கா, அஞ்சு லட்சம் பேர் பாத்திருக்காங்க! உங்களுக்கு எவ்ளோ பெரிய ரீச் தெரியுமா?"

"ரீச்ச நான் இன்னாத்துக்கு வச்சிக்கினு? எடுடா."

"சரிக்கா, பாக்கறேன்க்கா" என்றான். எங்கே பார்த்தான்? நான் பாட்டுக்குக் கேட்டை உள்ளே பூட்டிக்கொண்டு நெய்தேன்.

மூணாம் வெள்ளிக்குப் பதினாறு நாள் இருந்தது. முக்கால்வாசி ஆகிவிட்டது. பட்டு வாங்க அரை மணி நேரம் வெளியே போய் வந்தேன். திரும்பி வந்தால் கேட் திறந்திருக்கிறது, குழிக்குள் ஒரு பெண் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறாள், எதிரே அவள் புருஷன் போன் பிடித்துக்கொண்டிருக்கிறான். எங்கள் வீட்டுக்காரர் சமையல்கட்டிலிருந்து இரண்டு டம்ளர் காபியோடு வருகிறார்.

"எழுந்திருடி!" என்று நான் கத்திய கத்தலில் அவள் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

அவர் டம்ளர்களைக் கீழே வைத்தார். "பாவம், தொலைவிலேர்ந்து வந்துக்கினு இருக்கறாங்கன்னு உள்ள விட்டேன். காபி போடப் போன நேரத்துல எறங்கிட்டாங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நீயும் நானும்தான் பாத்தோம். வெளிய சொல்லாத. வுட்டுடு" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், விட்டுவிடத்தான் நினைத்தேன். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு அந்தப் புடவையையே நெய்தேன். ஒவ்வொரு இழைக்கும் பயமாக இருந்தது. மூன்றாம் நாள் எதிர்வீட்டு அம்சா போனை நீட்டினாள். "இன்னாடி இது?" குழியில் உட்கார்ந்து பல்லைக் காட்டும் அதே பெண். தெரு மொத்தமும் பார்த்துவிட்டிருந்தது.

வசந்தைப் போனில் கிழிகிழியென்று கிழித்தேன். மறுநாள் காலையிலேயே பதறி வந்து நின்றான், கையில் கேமரா. "சாரிக்கா. மக்களுக்குப் புரியற மாதிரி ஒரு மன்னிப்பு வீடியோ போட்டுடறேன்க்கா."

"ஆன் பண்ணு" என்றேன்.

அவன் ஆன் பண்ணினான். நான் கத்தரியை எடுத்தேன். அத்தனை நாள் முதுகு ஒடிய நெய்த அரக்குச் சிவப்புப் பட்டை அவன் கண் முன்னாலேயே நறுக் நறுக்கென்று அறுத்தேன். "இதுதான்டா உன் ஏழாம் நம்பரு. போடு. இங்க யாரும் வராதீங்கன்னு போடு." அழக் கூடாது என்றுதான் இருந்தேன், அழுதுவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போட்டான். நான் சொன்னதையும் போட்டான், அழுததையும் போட்டான். பழைய வீடியோவைப் பார்த்ததைவிட இதை அதிகம் பேர் பார்த்தார்கள்.

மறுநாளிலிருந்து வாசலில் கூட்டம். இந்தத் தடவை நல்லவர்கள். ஒரு குடும்பம் கடையில் வாங்கிய புடவையைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தது, "எங்க சார்பா அம்மனுக்குச் சாத்திடுங்க அக்கா" என்று. வேண்டிக்கொண்டவள் நான், சாத்துவது இவர்கள் வாங்கியதையா? ஒருத்தர் கேட் கம்பி வழியாக மூக்கை நீட்டி, அறுத்தது இந்தத் தறியில்தானா என்று கேட்டார். பூட்டிய கேட்டை ஆட்டினார்கள். பதில் வராவிட்டால் ஜன்னலைத் தட்டினார்கள். உள்ளே தறிச் சத்தம் கேட்டதோ, தொலைந்தது, நகரவே மாட்டார்கள். சத்தத்தை ரெக்கார்ட் பண்ணுவார்கள். "அக்கா, ஒரு நிமிஷம்க்கா!"

பன்னிரண்டு நாள் இப்படியே நெய்தேன். இடுப்பு விட்டுப்போனது. வியாழக்கிழமை மத்தியானம் இன்னும் ஒரு முழம் மிச்சம் இருந்தது. விடிந்தால் மூணாம் வெள்ளி, அபிஷேகம் முடிந்ததும் சாத்த வேண்டும். விடாமல் நெய்தால் விளக்கு வைப்பதற்குள் முடித்துவிடலாம்.

வாசலில் ஒரு வேன் நின்றது. ஏழெட்டுக் குரல்.

"சங்கரி அக்கா!"

"வீட்ல யாரும் இல்ல!" என்று கத்தினேன்.

"தறி சத்தம் கேக்குதேக்கா!" வெளியே சிரிப்பு.

தறியின் மிதிக்கட்டையிலிருந்து காலை எடுத்தேன். சத்தம் நின்றால்தான் போவார்கள், இல்லாவிட்டால் ஜன்னலைத் தட்டித் தட்டியே வீட்டுக்காரர் நெஞ்சைப் பதற வைப்பார்கள். இழை ஓட்டுகிற நாடாவை மடியில் வைத்துக்கொண்டு, என் வீட்டில் நானே திருடி மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு குழியில் உட்கார்ந்திருந்தேன். ஆத்திரத்தில் கண்ணீர் புடவையில் விழுந்துவிடப் போகிறதே என்று முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தேன். மூன்று அடித்து, மூன்றரையும் ஆகிவிட்டது.

கட்டிலில் படுத்திருந்த அவர் நெஞ்சில் கை வைத்தபடி தலையைத் தூக்கி, "போய்ட்டாங்களா?" என்று கிசுகிசுத்தார்.

"இல்ல. பாய் விரிச்சு உக்காந்துக்கினு இருக்கறாங்க."