ஒரே மூச்சில் பதினேழு ஸ்டாப்

2021 மே 11 அன்று நகராட்சி அலுவலக மாடியில், வீட்டிலேயே தங்கியிருந்த தொற்றாளர்களைக் கண்காணிக்கும் அறையில் ஐந்து தொலைபேசிகள் இயங்கின. ஒரு மேஜைக்கு அறுபது வீடுகள். விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவைக் கேட்டுக் குறிக்க வேண்டும். தொண்ணூற்று நான்குக்குக் கீழே போனால் ஆம்புலன்ஸ்.

சொந்த வீட்டுக்கு யாரும் பேசக்கூடாது என்பது விதி. இரண்டாம் மேஜைக்காரியின் கணவர் பஸ் டிரைவர். தொற்றோடு வீட்டில் தனியாக இருந்தார். அவள் அக்கா வீட்டில் தங்கி வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். அவரிடம் தினமும் பேசியது மூன்றாம் மேஜைப் பெண்.

மதியம் மூன்றாம் மேஜைப் பெண்ணின் தாளை இரண்டாம் மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள். கணவருக்கு ஐந்து நாளும் தொண்ணூற்றேழு.

"ஒரு நாள்கூட மாறலையாடி?"

"அவர் சொன்னதத்தான்க்கா எழுதினேன். ஜோக்கெல்லாம் அடிச்சார்."

"அவர் ஜோக் அடிச்சாத்தான் பயப்படணும்."

விதியை மறந்து கணவருக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, உங்க ரூட்ல எத்தன ஸ்டாப்?"

"பதினேழு. ஏன், டிக்கெட்... எடுக்கப் போறியா?"

"ஒரே மூச்சுல சொல்லுங்க. பொண்ணு பாக்க வந்தப்ப எங்கக்கா கேட்டாங்கன்னு சொல்லிக் காட்டினீங்களே, அதே மாதிரி."

"டிப்போ, கோர்ட்டு, தண்ணித்தொட்டி, மார்க்கெட்டு..." இருமல் வந்தது.

"வண்டி நின்னுடுச்சா?"

"டிராபிக்."

"விரல்ல மாட்டுற மெஷின் எங்க?"

"டப்பாவப் பிரிக்கவே இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போன எங்க டிப்போ மெக்கானிக்... திரும்பி வரலையே."

"அவர் ரொம்ப முடியாமப் போய் பத்தாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்கே போனார். நீங்க இன்னிக்கே போறீங்க. மாட்டிட்டு நம்பரச் சொல்லுங்க."

"எண்பத்தொம்பது."

அவள் சைகை காட்டக் கையை உயர்த்துவதற்குள் மூன்றாம் மேஜைப் பெண் ஆம்புலன்ஸை அழைத்திருந்தாள்.

"கதவத் திறந்து வச்சிட்டு உக்காருங்க. அந்தக் கிழிஞ்ச பனியனோட போய் என் மானத்த வாங்காதீங்க."

"சரிங்க மேடம்."

மருத்துவமனையில் ஆக்சிஜனும் ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். விதியை மீறியதற்கு அவளிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள், கொடுத்தாள். அடுத்த வாரம் அறையின் படிவத்தில் ஒரு கேள்வி கூடியது: ஒரே மூச்சில் எதுவரை எண்ண முடிகிறது?

சேர்ந்த பதினோராம் நாள் அவர் வீடு திரும்பினார். ஆகஸ்டில் முதல் தடுப்பூசி போட்டுக்கொண்டார். அன்று ஒரே மூச்சில் பதினான்கு ஸ்டாப் வரை சொன்னார்.