ஒரு இஞ்ச் சாலமோன்

புக்கு பார்த்து கத்துக்கினவன்னா அவ்ளோ எளக்காரமா? எனக்கு குட்டி பொம்மைக்கு பெயிண்ட் அடிக்க எந்த ஆளும் சொல்லித் தரல. மூணு இங்கிலீஷ் புக்கு சொல்லித் தந்துச்சு. வண்ணாரப்பேட்டை மஜீது பாய் பழைய பேப்பர் கடைல எடைக்கு வந்தது. விரல் ஒசர பட்டாளத்துக்காரன், குதிரை, பீரங்கின்னு பக்கத்துக்கு பக்கம் போட்டோ. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ, புரியாத வார்த்தைய போன்ல தட்டிப் பார்த்துக்குவேன். ரெண்டு வருஷம் கொருக்குப்பேட்டை வூட்டு சமையல்கட்டுல குந்திக்கினு கத்துக்கினேன். பெயிண்ட்ட பாலு மாதிரி கரைக்கணும், ஒரே பூச்சா அப்பக்கூடாது, குழில இருட்டு வெக்கணும், மேட்டுல வெளிச்சம் வெக்கணும். போன கிறிஸ்துமஸுக்கு ராயபுரத்துல ஏழு வூட்டு குடிலுக்கு நான் தான் பொம்மை பூசினேன். அதுல ஒண்ணு சாலமோன் வூடு. இடையன் கண்ண பார்த்துட்டு, "இன்னா செங்கொடி, என்னியே மொறைக்கிறான்"னு சிரிச்சாரு.

அந்த சாலமோன் பொங்கல் முடிஞ்சு பத்தாம் நாள் செத்துட்டாரு. எண்ணூர் ரோட்டு பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டு. கண்டெய்னருக்கு கொக்கி மாட்டுற வேலை அவருக்கு. என் வூட்டுக்காரன் பீம்ராவும் அங்க தான், சிக்னல்மேன். கண்டெய்னர தூக்குற பெரிய வண்டி பின்னால வரும்போது வா, நில்லுன்னு கை காட்டணும். அன்னிக்கு சாயங்காலம் வண்டி பின்னால வந்து சாலமோன அடிச்சிடுச்சு.

பளபளக்குற பட்டை வெச்ச ஆரஞ்சு ஜாக்கெட் போடாம வண்டி பாதைல பூந்துட்டான், தப்பு செத்தவன் மேலன்னு யார்டுல எழுதிட்டாங்க. அதுக்கு சாட்சி கையெழுத்து போட்டவன் என் வூட்டுக்காரன். அந்த எழுத்து நின்னுடுச்சுன்னா சாலமோன் பொண்டாட்டி தேவகிருபை அக்காவுக்கு நஷ்டஈடு ஒன்னியும் கிடையாது. மூணு மாசமா அந்தம்மா எங்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு தான். "அவர் ஜாக்கெட் போடாம போற ஆளா, செங்கொடி?" நான் இன்னா சொல்றது? என் புருஷன் தான் பார்த்தேன்னு சொல்றானே.

செவ்வாக்கிழமை மூணு மணிக்கு நஷ்டஈடு விசாரணை. யூனியன் அருள்பிரகாசம் அண்ணன் வந்து, "ஆபீசருக்கு யார்டுன்னா இன்னான்னே தெரியாது. மேஜை மேல பொம்மையா வெச்சு காட்டணும். நீ செஞ்சு குடு"ன்னாரு. சோப்பு அட்டைப்பெட்டில கண்டெய்னர் செஞ்சேன். பைப்பு ஓட்டை அடைக்கற எம்சீல் பசைய பிசைஞ்சு ஒரு இஞ்ச் ஒசரத்துல நாலு ஆளு. அதுல ஒருத்தர் சாலமோன், ஒருத்தன் என் வூட்டுக்காரன்.

செவ்வாக்கிழமை காலைல எல்லாம் முடிஞ்சு என் வூட்டுக்காரன் பொம்மைக்கு ஜாக்கெட் பூசறது மட்டும் பாக்கி. மூணு புக்குலயும் ஒரே பேச்சு தான்: மனசுல இருக்கறத பூசாத, நெஜப் பொருள எதுர்ல வெச்சிக்கினு பூசு. அதனால ஆணில மாட்டியிருந்த இவன் ஜாக்கெட்ட எடுத்து மடில போட்டுக்கினேன். அந்த சம்பவத்துக்கு அப்பால இவன் அத வூட்டுக்கு எடுத்தாந்து ரெண்டு தபா தானே துவைச்சான். கைக்குட்டைய கூட எங்கிட்ட விட்டெறியற ஆளு. பாவம், மனசு சரியில்லன்னு நெனச்சேன். எனக்கு புத்தி அவ்ளோ தான்.

பட்டைய தெச்ச தையலுக்கு உள்ள நூல்ல கறை ஏறியிருந்துச்சு. கண்டெய்னர் துருன்னு நெனச்சு துரு கலர் கலந்தேன். பொருந்தல. துருன்னா ஓரத்துல ஆரஞ்சா ஏறணும், புக்குல போட்டோவே கீது. இதுல ஏறல. கிரீஸ் கலந்து பார்த்தேன், அதுவும் இல்ல. ரெண்டாவது புக்குல கறைக்குன்னே தனியா ஒரு பாடம் கீது. பக்கத்த திருப்பினேன். பிரவுன்ல துளி கறுப்பு, செவப்பு கண்ணுக்கே தெரியக்கூடாதுன்னு போட்டிருந்துச்சு. அதே மாதிரி கலந்து நூல் பக்கத்துல வெச்சேன். எது பெயிண்ட், எது கறைன்னு பிரிக்க முடியல.

சண்டைல அடிபட்ட பட்டாளத்துக்காரனுக்கு, காய்ஞ்சு போன ரத்தத்துக்கு சொன்ன கலவை அது.

உள்ள இவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கினு இருந்தான்.

"யோவ், இங்க வா. இது துரு இல்ல."

"இன்னாது?"

"ஜாக்கெட்டு உன்னுது. உனக்கு ஒரு கீறல் கூட இல்ல. இது யார் ரத்தம்?"

இவன் இஸ்திரி பொட்டிய சட்டை மேலயே வெச்சிட்டு நின்னான். துணி தீயற நாத்தம் வந்துச்சு. நான் தான் போய் எடுத்தேன்.

அப்பால சொன்னான். யார்டுல பதினோரு ஆளுக்கு ஆறு ஜாக்கெட். ஒருத்தன் டீ குடிக்க போனா ஜாக்கெட்ட கழட்டி அடுத்தவனுக்கு மாட்டி தன் எடத்துல நிக்க வெச்சிட்டு போவானாம். தினப்படி நடக்கறது தான், யாரும் தப்பா நெனைக்கல. அன்னிக்கு இவன் சாலமோனுக்கு மாட்டிட்டு, பத்து நிமிஷம் நில்லுன்னு சொல்லிட்டு போயிருக்கான். டிரைவர் கண்ணாடில சிக்னல் எடத்துல ஆரஞ்சு பட்டைய பார்த்திருக்கான், பீம்ராவ் தான், ஒதுங்கிக்குவான்னு வண்டிய வுட்டுட்டான். சாலமோனுக்கு எப்ப ஒதுங்கணும்னு தெரியல. இவன் ஓடி வந்தப்ப சூப்பர்வைசர் சொன்னானாம், அந்த ஜாக்கெட் அவன் மேல இருந்தா நீ தொலைஞ்ச, கழட்டி மாட்டிக்கோன்னு.

"கழட்டி மாட்டிக்கினியா?"

இவன் தலைய ஆட்டினான். "செங்கொடி, ஜாக்கெட்ட என் பொம்மை மேல பூசு. அவ்ளோ தான். இல்லன்னா என்னைய உள்ள தூக்கி போட்டுடுவாங்க"ன்னான். சொல்லும்போது தாடை ஆடுச்சு. பன்னெண்டு வருஷமா கூட குடும்பம் நடத்துற ஆளு, நான் இவன அப்டி பார்த்ததே இல்ல. எனக்கு இவன் மேல ஆத்திரமும் வந்துச்சு, ஐயோன்னும் இருந்துச்சு.

பொய் சொல்ல மாட்டேன். மொதல்ல இவன் மேல தான் பூசினேன். ரெண்டு பூச்சு வெச்சேன், பட்டை போட்டேன். இவன் பார்த்துட்டு மூச்சு வுட்டுட்டு ஷேர் ஆட்டோ சொல்ல கீழ போனான்.

அப்பால சாலமோன கைல எடுத்தேன். நீலச் சட்டை. நானே வெச்ச கண்ணு, என்னையே பார்க்குது. மணி ஒண்ணே முக்கால். பஞ்ச ஸ்பிரிட்டுல நனைச்சு இவன் மேல இருந்த ஆரஞ்ச தொடைச்சு எடுத்தேன். சாலமோனுக்கு பூசினேன். முழங்கைய ரெண்டையும் மேஜைல ஊனிக்கினு பூசினேன். ஒரு பூச்சு காயறதுக்குள்ள அடுத்தது வெக்கக்கூடாதுன்னு புக்கு சொல்லும். எங்க நேரம் இருந்துச்சு? நாலு ஆளையும் தீப்பெட்டில போட்டு மூடினேன். ஜாக்கெட்ட பைல திணிச்சேன். ஆட்டோல இவன் எம்பக்கம் திரும்பவே இல்ல.

விசாரணை ரூம்புல ஃபேன் கடகடன்னு ஓடிச்சு. இந்தப் பக்கம் சூப்பர்வைசரும் யார்டு வக்கீலும். அந்தப் பக்கம் அருள்பிரகாசம் அண்ணனும் தேவகிருபை அக்காவும். சோப்பு பொட்டிய வரிசையா அடுக்கினேன். ஆபீசர் குனிஞ்சு பார்த்துட்டு, "சாட்சி வாங்க. யார் எங்க நின்னாங்கன்னு நீங்களே வெச்சு காட்டுங்க"ன்னாரு.

இவன் தீப்பெட்டிய தொறந்தான். மொதல்ல வெறும் நீலச் சட்டைல தன்னைய பார்த்தான். அப்பால சாலமோன பார்த்தான். எம்மூஞ்சிய பார்த்தான். நான் கண்ண எடுக்கல.

சாலமோன எடுத்து வண்டிப் பாதைல வெச்சான். வெச்சிட்டு சொன்னான். "ஜாக்கெட்ட எம்பொண்டாட்டி ஆள் மாத்தி பூசிட்டா சார். புக்கு பார்த்து கத்துக்கினவ, அவளுக்கு இன்னா தெரியும்?"

சூப்பர்வைசர் சிரிச்சான். ஆபீசர் பேனாவ எடுத்தாரு. அக்கா மட்டும் எம்பக்கம் திரும்பி மெதுவா கேட்டாங்க.

"தப்பா பூசிட்டியா செங்கொடி?"

"இல்லக்கா. பார்த்து தான் பூசினேன்."

பைல இருந்த ஜாக்கெட்ட எடுத்து சோப்பு பொட்டிங்க பக்கத்துல வெச்சேன். பட்டைய பிரிச்சு தையல காட்டினேன். "இது துரு இல்ல சார், ரத்தம். துருன்னா எப்டி ஏறும்னு எனக்கு தெரியும். எங்க வேணா அனுப்பி பாருங்க"ன்னேன்.

சூப்பர்வைசர் ஏதோ சொல்ல வந்தான், ஆபீசர் கை காட்டி நிறுத்திட்டாரு. இவன் தன் கைய பார்த்துக்கினு நின்னான். சாலமோன் மேல பூசினது இன்னும் காயல, கட்டை விரல்ல ஆரஞ்சு ஒட்டிக்கினு இருந்துச்சு. பேண்ட்ல தேய்ச்சான். போகல. இன்னொரு தபா தேய்ச்சான்.

"ஜாக்கெட்டு சாலமோன் மேல தான் சார் இருந்துச்சு. நான் தான் மாட்டி வுட்டேன். நான் தான் கழட்டினேன்."

ஆபீசர் எழுத ஆரம்பிச்சாரு. எனக்கு உசுரு திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

தேவகிருபை அக்கா எழுந்து வந்தாங்க. ஜாக்கெட்ட தொடல. மேஜை மேல இருந்த ஒரு இஞ்ச் சாலமோன மட்டும் எடுத்து உள்ளங்கைல வெச்சிக்கினாங்க. இவன பார்த்து கேட்டாங்க.

"நீ கழட்டும்போது அவருக்கு உசுரு இருந்துச்சா, பீம்ராவ்?"

இவன் தரைய பார்த்துக்கினே சொன்னான்.

"இருந்துச்சுக்கா. குளுருதுடா, வேணாண்டான்னு சொன்னாரு."